பழைய பூசையைக் காத்துவரும் குருக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்தோத்திரம் சாமி.

இந்த மடலை ஒரு சபைக்கு மட்டும் எழுதவில்லை. அர்ச்சியசிஷ்ட (அர்ச்.) பத்தாம் பத்திநாதர், அதாவது பத்தாம் பியூஸ், சபைக் குருக்களுக்கும், ரோமையின் அனுமதியோடு பழைய லத்தீன் பூசை செய்யும் அர்ச். இராயப்பர் (பேதுரு) சகோதர சபைக் குருக்களுக்கும், இராயப்பரின் ஆசனமே, அதாவது பாப்பரசர் பதவியே, காலியாகக் கிடக்கிறது என்று சொல்லும் குருக்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். மூன்று தரப்பையும் ஒரே மடலில் கூப்பிடுவது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். ஒருவருடைய பூசைக்குப் போய்வந்தவரை இன்னொருவர் நிறுத்தி விசாரிக்கிற காலமாகிவிட்டது. ஆனால் காலையில் பீடத்தடியில் நின்று நீங்கள் மூன்று பேரும் சொல்லும் முதல் வார்த்தை ஒன்றுதான். அந்த வார்த்தையை எனக்கும் தெரியும் என்கிற ஒரே உரிமையில் எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியில் பிறந்தவன். பத்து வயதில் பூசைக்கு உதவி செய்ய ஆரம்பித்தேன். எங்கள் உபதேசியார் லத்தீனைத் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ண வைத்தார். ‘இன்ட்ரோயிபோ ஆத் அல்தாரே தேயி’ என்று சாமியார் தொடங்கினால், ‘ஆத் தேயும் க்வி லேத்திஃபிகாத் யுவெந்தூத்தெம் மேயாம்’ என்று தடுக்காமல் பதில் சொல்ல வேண்டும். என் வாலிபத்தை மகிழ்விக்கிற தேவனிடத்தில் போவேன் என்பது அதற்கு அர்த்தம் என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். இன்றைக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அந்த வரியைச் சொல்லும்போது இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

‘பரிசுத்தர்’ என்னும் சாங்க்துஸ் முடிந்து மணி அடித்ததும் கோயில் அடங்கிவிடும். சாமியார் நன்றாகக் குனிந்து, பீடத்தை முத்தி செய்து, அப்பத்தின் மேலும் பாத்திரத்தின் மேலும் மூன்று சிலுவை வரைவார். அதற்கப்புறம் எல்லாமே தாழ்ந்த குரல்தான். தரையில் முழங்காலில் இருக்கும் ஜனங்களுக்கு ஒன்றும் கேட்காது. படியில் இருக்கிற எனக்கு மட்டும், காதைத் தீட்டிக்கொண்டால், சில வார்த்தைகள் பிடிபடும். ‘உனா கும் ஃபாமுலோ துவோ பாப்பா நோஸ்த்ரோ யோவான்னே.’ உம்முடைய ஊழியரான எங்கள் பாப்பரசர் அருளப்பரோடு ஒன்றாக, என்று.

1963 ஜூன் மாதம் ஒரு நாள் அந்தப் பெயர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பூசை முடிந்து சாமியார் திருவுடுப்பைக் கழற்றும்போது, “பாப்பு பேரைச் சொல்ல மறந்துட்டீங்களா சாமி?” என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “பாப்பரசர் இறந்துட்டாரப்பா. ஆசனம் காலி. காலியா இருக்கிறப்போ அந்த வார்த்தைகளை விட்டுடணும். புதுசா ஒருத்தர் வந்ததும் சொல்லிக்கலாம்” என்றார். 23ஆம் அருளப்பர் இறந்தது ஜூன் 3. ஆறாம் சின்னப்பர் தேர்ந்தெடுக்கப்பட்டது ஜூன் 21. பதினெட்டு நாள். அப்புறம் ஒரு காலையில் ‘பவுலோ’, அதாவது சின்னப்பர், என்று காதில் விழுந்தது. பதினோரு வயதுப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று என்னால் விளக்கமுடியவில்லை. வீட்டில் அப்பா ஊரிலிருந்து திரும்பி வந்த மாதிரி இருந்தது.

உங்களில் ஒரு சாரார் அந்தப் பதினெட்டு நாள் இடைவெளியை அறுபது வருஷத்துக்கும் மேலாக நீட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இன்னொரு சாரார் பெயரைச் சொல்கிறீர்கள், ஆனால் அந்தப் பெயருக்குரியவரின் கீழிருக்கும் மேற்றிராணியாரின் (ஆயரின்) கோயிலுக்குப் போகாதே என்கிறீர்கள். மூன்றாவது சாரார் பெயரையும் சொல்லி, அனுமதியும் வாங்கி, மற்ற இருவரையும் ‘பிரிவினைக்காரர்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறீர்கள். இதில் நசுங்குகிறவர்கள் நடுவில் இருக்கிற ஜனங்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் பிரான்சுக்கு வந்து ஐம்பது வருஷமாகப் போகிறது. எனக்கு முன்னாலேயே வந்தவர் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். பழைய பூசை கிடைக்கிற கோயிலைத் தேடித் தேடி, ஞாயிறுதோறும் எண்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போனவர். அவர் இறந்தபோது அவர் ஆசைப்படியே கறுப்புத் திருவுடுப்போடு, பெட்டியைச் சுற்றி ஆறு மஞ்சள் மெழுகுத்திரி ஏற்றி, மரித்தவர்களுக்கான பூசை நடந்தது. அவருடைய ஒரே மகன் உள்ளே வரவில்லை. கோயில் வாசலுக்கு எதிரே, கார் நிறுத்தும் இடத்தில், குடைகூட இல்லாமல் தூறலில் நின்றான். நான் போய்க் கூப்பிட்டேன். “சித்தப்பா, இது உனா கும் பூசை. இந்தப் பெயரைச் சொல்ற பூசையில நான் நிக்கமுடியாது. அப்பா ஆத்துமாவுக்காக இங்கேயே செபமாலை சொல்றேன்” என்றான். அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பிடிவாதம் இல்லை அது. யாரோ ஒரு குரு, உள்ளே போனால் சாவான பாவம் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார். அதை அவன் நம்புகிறான். சாமியார் பெட்டியைச் சுற்றி முதலில் தீர்த்தம் தெளித்து, அப்புறம் தூபம் காட்டி வரும்போது, திறந்திருந்த கதவு வழியாக அந்தப் பிள்ளை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

முப்பதாம் நாள் அண்ணி, மகனுக்காக, அவன் போகிற சிற்றாலயத்துக்கு வந்தார். நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். நற்கருணை வாங்கும் கிராதியில் முழங்காலிட்டு, கண்ணை மூடி, வாயைத் திறந்து காத்திருந்தார். அந்தக் குரு குனிந்து, அண்ணி வழக்கமாக எங்கே பூசை காண்கிறார் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பதிலைக் கேட்டதும் அடுத்தவரிடம் நகர்ந்துவிட்டார். தாடைக்குக் கீழே தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த பீடச் சிறுவன் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கணம் அங்கேயே நின்றான். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு சாமியார் பின்னால் ஓடினான். அண்ணி இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. எழுபத்துநான்கு வயது.

அந்தக் குருவின் பெயரையோ சபையையோ நான் எழுதப்போவதில்லை. அவரைத் தண்டிக்கவேண்டும் என்று கேட்கவும் இல்லை. ஏனென்றால் இந்தக் கேள்வியை அவர் ஒருவர் மட்டும் கேட்கவில்லை. வேறு வேறு வார்த்தைகளில் உங்கள் மூன்று தரப்பிலும் இது கேட்கப்படுகிறது.

உங்களுடைய ஆதங்கம் எனக்குப் புரியாமல் இல்லை. 1969இல் புதிய பூசைப்புத்தகம் வந்தபோது நான் பதினேழு வயதுப் பையன். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, நவம்பர் 30 முதல் அது அமலுக்கு வரும் என்றார்கள். அதற்கு முன்பே செப்டம்பரில் ஒத்தாவியானி, பாச்சி என்ற இரண்டு கர்தினால்கள் ஆறாம் சின்னப்பருக்குக் கடிதம் எழுதி, இந்தப் பூசை பதினாறாம் நூற்றாண்டின் திரிதெந்தீன் சங்கம் போதித்ததிலிருந்து விலகிப்போகிறது என்று எச்சரித்திருந்தார்கள். நவம்பரில் பாப்பரசரே பொதுச் சந்திப்பில் பேசும்போது, லத்தீனை விடுவதால் பெரிய இழப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டார். 1971இல் இங்கிலாந்தில் கத்தோலிக்கர் அல்லாத எழுத்தாளர்களும் இசைக்கலைஞர்களும்கூடச் சேர்ந்து, இந்தப் பூசையை அழியவிடாதீர்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கேட்டார்கள். அவர்களுக்கு இருந்த பதைப்பு பல மேற்றிராணியார்களுக்கு இருக்கவில்லை. அந்தக் காயம் நிஜமான காயம். அதை நோயாளியின் கற்பனை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

அந்தக் காயத்திலிருந்துதான் எல்லாம் வந்தது. மர்செல் லெஃபெவ்ர் ஆண்டகை தக்காரில் அதிமேற்றிராணியாராக இருந்தவர், ஆப்பிரிக்காவில் பல வருஷம் வேதபோதகராக உழைத்தவர். 1970 நவம்பர் 1ஆம் தேதி ஸ்விட்சர்லாந்தின் ஃப்ரிபூர் மேற்றிராணியாரின் முறையான அனுமதியோடு அர்ச். பத்தாம் பத்திநாதர் சபையைத் தொடங்கினார். 1975இல் அந்த அனுமதி பறிக்கப்பட்டது, 1976இல் அவர் பூசை செய்யவே தடை வந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் லீல் நகரில் அவர் பூசை செய்தபோது ஆயிரக்கணக்கில் ஜனம் கூடியது. 1988 மே 5ஆம் தேதி ரோமையின் சார்பில் பேசிய கர்தினால் ராட்சிங்கரோடு ஓர் உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டார். ஓர் இரவு கழிந்தது. மறுநாள் அதைத் திரும்பப் பெற்றார். ஜூன் 30ஆம் தேதி, பிரேசில் நாட்டு காம்போசின் முன்னாள் மேற்றிராணியார் தெ காஸ்த்ரோ மாயர் உடனிருக்க, பாப்பரசரின் ஆணை இல்லாமல் நான்கு பேரை மேற்றிராணியாராக அபிஷேகம் பண்ணினார். அந்த ஒரு இரவில் அவர் என்ன நினைத்தார், எதற்குப் பயந்தார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இந்தப் பிளவின் முழு வரலாறும் அந்த இரவுக்குள் அடங்கியிருக்கிற மாதிரி எனக்குத் தோன்றும்.

போதனையில் உங்கள் தகராறு எங்கே இருக்கிறது என்று பார்த்தால், மூன்று பேரும் ஒரே இரண்டு ஏடுகளைப் பக்கத்தில் வைத்து வாசிக்கிறீர்கள். ஒன்று, ஒன்பதாம் பத்திநாதர் 1864இல் மதசுதந்திரத்தைக் கண்டித்து எழுதிய ‘குவாந்தா கூரா’. மற்றொன்று, 1965 டிசம்பர் 7ஆம் தேதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 2,308 வாக்குக்கு 70 வாக்கு என்ற கணக்கில் நிறைவேற்றிய மதசுதந்திர அறிக்கை. இரண்டும் ஒத்துப்போகுமா? ஒத்துப்போகும், தொடர்ச்சியோடு வாசிக்கவேண்டும் என்று பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) 2005 டிசம்பரில் பேசினார். ரோமையோடு இருப்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டீர்கள். ஒத்துப்போகாது, ஆகவே பாப்பரசர் தவறு செய்கிறார், அந்த இடத்தில் அவருக்குக் கீழ்ப்படிய முடியாது என்கிறது பத்தாம் பத்திநாதர் சபை. ஒத்துப்போகாது, உண்மையான பாப்பரசர் அப்படித் தவறு செய்யவே முடியாது, ஆகவே அவர் பாப்பரசரே இல்லை என்கிறீர்கள் ஆசனம் காலி என்பவர்கள். 2009 அக்டோபரிலிருந்து 2011 ஏப்ரல் வரை ரோமையில் திருப்பீடம், பத்தாம் பத்திநாதர் சபை என்ற இரண்டு பக்கத்து வேதசாஸ்திரிகளும் உட்கார்ந்து பேசியும் இந்த முடிச்சு அவிழவில்லை. படித்தவர்கள் ஒன்றரை வருஷம் பேசியும் அவிழ்க்கமுடியாத முடிச்சு இது. கிராதியில் முழங்காலிட்ட ஒரு கிழவி ஒரு நொடியில் இதற்குப் பதில் சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்.

ஆசனம் காலி என்று சொல்லும் சாமிமார்களே, முதலில் உங்களிடம் பேசுகிறேன். உங்கள் தர்க்கம் மூன்றிலும் நேரானது. அதனால்தான் என் அண்ணன் மகனைப் போன்ற நேர்மையான பிள்ளைகளை அது இழுக்கிறது. ஆனால் அந்த நேர்கோடு எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். பாப்பரசர் பதிதத்தில், அதாவது விசுவாசத்துக்கு மாறான போதனையில், விழுந்தால் என்ன ஆகும் என்று கர்தினால் கயேத்தான் ஒன்று சொன்னார், அர்ச். பெல்லார்மின் அதை மறுத்து வேறொன்று சொன்னார். திருச்சபை அறிவிக்கவேண்டுமா, அறிவிப்பு இல்லாமலே பதவி போய்விடுமா என்ற கேள்வி நானூறு வருஷமாக வேதசாஸ்திரிகளின் கருத்தாக மட்டுமே இருக்கிறது. விசுவாசக் கோட்பாடாக யாரும் அறிவிக்கவில்லை. முடிவாகாத ஒரு கருத்தை வைத்து ஆசனம் காலி என்று சொல்வது உங்கள் மனசாட்சி. அந்தக் கருத்தை ஏற்காதவருக்கு நற்கருணை கிடையாது என்று சொல்ல உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அதிகாரம் கொடுக்கவேண்டிய ஆசனம் காலி என்று நீங்களே சொல்கிறீர்களே.

அப்புறம், இந்த இடைவெளி எப்படி முடியும்? பன்னிரண்டாம் பத்திநாதர் ஏற்படுத்திய கர்தினால்களில் ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை. இராயப்பருக்கு முடிவில்லாமல் வாரிசுகள் உண்டு என்று 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் போதித்ததை நீங்கள் எங்களைவிட உறுதியாக விசுவசிக்கிறீர்கள். என் புதுச்சேரிச் சாமியார் ‘புதுசா ஒருத்தர் வந்ததும் சொல்லிக்கலாம்’ என்றபோது, வருவார் என்பது அவருக்குத் தெரியும். யார் தேர்ந்தெடுப்பார்கள், எங்கே கூடுவார்கள் என்பதும் தெரியும். உங்களிடம் அந்தப் பையன் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

உங்களில் பலருடைய குருத்துவத்தின் வேரில் நிற்கிற கோ தின் துக் ஆண்டகையை நினைத்தாலே எனக்குத் துக்கமாக இருக்கிறது. ஹுவே நகர அதிமேற்றிராணியார். சங்கத்துக்காக ரோமையில் இருந்தபோது, 1963 நவம்பரில், தென் வியட்நாம் அதிபராக இருந்த அவர் தம்பி கொல்லப்பட்டார். அவர் நாடு திரும்பவே முடியவில்லை. நாடும் வீடும் மறைமாவட்டமும் போன அந்த முதியவரை 1976இல் ஸ்பெயினின் பல்மார் தே த்ரோயா கிராமத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே அவர் கைவைத்து மேற்றிராணியாராக்கியவர்களில் ஒருவர் இரண்டு வருஷத்தில் தன்னையே பாப்பரசர் என்று அறிவித்துக்கொண்டார். 1981இல் துலோனில் அவர் அபிஷேகம் பண்ணிய கெரார் தெ லோரியே சாதாரண ஆள் இல்லை. ஒத்தாவியானி கடிதத்தோடு போன ஆய்வை எழுதுவதில் முக்கியப் பங்கு அவருடையது. அந்த வழியில் வந்த குருக்களின் குருத்துவம் செல்லுமா செல்லாதா என்று, ஆசனம் காலி என்று ஒத்துக்கொள்பவர்களே தங்களுக்குள் பிரிந்து நிற்கிறீர்கள். துக் வழிக் குருக்களிடம் போகிறவருக்கு நற்கருணை இல்லை என்று சொல்லும் சபையும் உங்களிடையே இருக்கிறது. பெயரையே சொல்லாதவர்கள் மத்தியிலும் கிராதியில் கேள்வி நிற்கவில்லை. கேள்வி மட்டும் மாறிவிட்டது.

1990இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பெல்வூ என்ற சிற்றூரில் ஆறு பேர் கூடி ஒரு பாப்பரசரைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவரும் அவருடைய பெற்றோரும் அந்த ஆறு பேரில் அடக்கம். 2022இல் இறக்கும்வரை அவர் தன்னை பாப்பரசர் மிக்கேல் என்றே நம்பி வாழ்ந்தார். அவரைப் பற்றிப் பலர் சிரித்துப் பேசுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆசனம் காலியாக இருக்கக்கூடாது என்று தவித்த ஒரு பிள்ளை அவர். தீர்ப்பைத் தனி ஆளின் கையில் கொடுத்துவிட்டால் அது அங்கே போய்த்தான் நிற்கும்.

பத்தாம் பத்திநாதர் சபைச் சாமிமார்களே, உங்கள் ஸ்தாபகர் அந்த வழியில் போகவில்லை. பாப்பரசரோடு எவ்வளவு மோதினாலும், கானோனில், அதாவது பூசையின் நடுவே தாழ்ந்த குரலில் சொல்லும் அந்தச் செபத்தில், அவர் பெயரைச் சொல்லவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். 1983இல் அமெரிக்காவில் ஒன்பது குருக்கள் உங்களை விட்டுப் போனபோது, அர்ச். சூசையப்பர் பெயர் கானோனில் சேர்க்கப்பட்ட 1962ஆம் வருஷப் பூசைப்புத்தகத்தை ஏற்க மறுத்ததும் சண்டையின் ஒரு பகுதி. சூசையப்பர் பெயரால் பிரிந்த பிரிவு என்று நினைக்கும்போது மனது வலிக்கிறது. அன்றைக்கு லெஃபெவ்ர் ஆண்டகை எடுத்த நிலைக்காக நான் இன்றும் அவருக்கு நன்றியோடு இருக்கிறேன்.

ஆனால் அந்தப் பெயரைச் சொல்லுகிற நீங்களே, அதே புத்தகத்தில் அதே பெயரைச் சொல்லும் அடுத்த தெருக் குருவின் பூசைக்குப் போகவேண்டாம் என்று ஜனங்களுக்குச் சொல்கிறீர்கள். அவர் பழைய பூசை செய்கிறார், ஆனால் சங்கத்தை எதிர்த்துப் பிரசங்கம் பண்ணுவதில்லை என்பதுதான் அவர் செய்த குற்றம். நீங்கள் அதிகம் விமர்சித்த பாப்பரசர் பிரான்சிஸ்தான், 2015 இரக்கத்தின் ஆண்டில் உங்கள் குருக்களிடம் செய்யும் பாவசங்கீர்த்தனம் செல்லும் என்றார். அடுத்த வருஷம் அதைக் காலக்கெடு இல்லாமல் நீட்டினார். 2017இல் உங்கள் ஜனங்களின் கல்யாணத்துக்கும் வழி திறந்தார். எந்த உடன்பாட்டிலும் உங்களைக் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. மதசுதந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆத்துமாக்களுக்காகச் செய்தார். அவர் உங்களுக்குக் காட்டியதை நீங்கள் அடுத்த தெருக்காரருக்குக் காட்டக்கூடாதா?

1988இல் அபிஷேகம் பெற்ற நான்கு பேரில் திஸ்ஸியே தெ மலரே ஆண்டகை 2024 அக்டோபரில் இறந்தார். வில்லியம்சன் ஆண்டகையை 2012இல் நீங்களே வெளியேற்றினீர்கள். அவர் 2015இல் பிரேசிலில் தனியாக இன்னொருவரை மேற்றிராணியாராக்கினார், 2025 ஜனவரியில் இறந்தார். ரோமையோடு பேசினாலே துரோகம் என்றார்கள் அவரோடு போனவர்கள். உங்களை விட்டுப் போனவர்கள் உங்களைப் பற்றிச் சொன்னதும், நீங்கள் இராயப்பர் சபையைப் பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய ஒரே வார்த்தைகள்.

ரோமையோடு இருக்கும் சாமிமார்களே, உங்களுக்கு எழுத அதிகம் இல்லை, ஒன்று மட்டும். ஜூன் 30 அபிஷேகம் நடந்து இரண்டே நாளில், 1988 ஜூலை 2ஆம் தேதி, பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் (ஜான் பால்) கொடுத்த கடிதத்தில்தான் உங்களுக்கு வாசல் திறந்தது. ஜூலை 18ஆம் தேதி உங்கள் சபை பிறந்தது. உங்களைத் தொடங்கிய குருக்கள் லெஃபெவ்ர் ஆண்டகையின் எக்கோன் குருமடத்தில் வளர்ந்தவர்கள். மனசாட்சிக்காக வெளியேறிய அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் நீங்கள் நிற்கிற தரையை உழுதவர்களைப் ‘பிரிவினைக்காரர்’ என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். 2021 ஜூலை 16ஆம் தேதி பாப்பரசர் பிரான்சிஸின் கடிதம் வந்து, பங்குக் கோயில்களில் பழைய பூசைக்கு இடம் சுருங்கி, அந்த டிசம்பரில் பங்கின் பூசை நேரப் பட்டியலில்கூட அதைப் போடக்கூடாது என்று விளக்கம் வந்தபோது, அனுமதிச் சீட்டு எவ்வளவு மெல்லிய காகிதம் என்று நீங்களே பார்த்தீர்கள்.

மேற்றிராணியார்களிடமும் ஒரு வார்த்தை. பூசை எத்தனை மணிக்கு என்று கோயில் கதவில் ஒட்டக்கூட விடாமல் செய்துவிட்டு, ஜனங்கள் ஏன் இருட்டில் அலைகிறார்கள் என்று கேட்காதீர்கள். என் அண்ணன் மகன் முதலில் தேடியது உங்கள் கோயிலைத்தான். 2025 அக்டோபர் 25ஆம் தேதி அர்ச். இராயப்பர் பேராலயத்தில் கர்தினால் பர்க் பழைய முறைப்படி பூசை செய்தபோது, பாப்பரசர் 14ஆம் சிங்கராயரின் (லியோவின்) பெயர் அந்தக் கானோனில், அந்தத் தாழ்ந்த குரலில் சொல்லப்பட்டது. இராயப்பர் கல்லறைக்குப் பக்கத்தில் முடிகிற காரியம் உங்கள் பங்கில் ஏன் முடியாது?

எங்கள் தமிழ் நாட்டுப் பக்கம் இந்த மாதிரிக் காயம் ஒன்று ஏற்கெனவே உண்டு. 1838இல் பாப்பரசர் 16ஆம் கிரகோரியார், மேற்றிராணியார்களை முன்மொழியும் போர்த்துக்கீசு அரசின் பத்ரவாதோ உரிமையின் கீழிருந்த மயிலாப்பூர், கொச்சி, கொடுங்கல்லூர் மறைமாவட்டங்களின் அதிகாரத்தை எடுத்துவிட்டார். கோவா குருக்கள் கீழ்ப்படியவில்லை. பாப்பரசர் சொன்னதே இல்லை, அப்படியே சொல்லியிருந்தாலும் போர்த்துக்கல் அரசின் ஒப்புதல் இல்லாமல் செல்லாது என்றார்கள். ஒரே ஊரில் கோவா சாமியாருக்கு ஒரு கோயில், ரோமையின் சாமியாருக்கு ஒரு கோயில். எங்கள் பாட்டி பக்கத்தில் பெண் கொடுக்கல் வாங்கலே நின்றுபோனதாகச் சொல்வார்கள். 1886இல் உடன்படிக்கை ஆனது. இரட்டை அதிகாரம் முழுசாக ஒழிய 1930 ஆனது. அன்றைக்கு யார் பக்கம் நியாயம் என்று இன்று ஊரில் கேட்டால் யாருக்கும் தெரியாது. எந்தக் கல்லறையில் யார் பக்கத்துச் சாமியார் மந்திரித்தார் என்றும் தெரியாது. எல்லாருக்கும் நவம்பர் 2ஆம் தேதி மெழுகுத்திரி ஏற்றுகிறார்கள்.

அதைவிடப் பெரிய உதாரணம் உங்களுக்கே தெரியும். 1378இலிருந்து 1417 வரை ஒரே நேரத்தில் இரண்டு பேர், கடைசியில் மூன்று பேர், நானே பாப்பரசர் என்றார்கள். சியன்னா கத்தரீனம்மாள் ரோமையில் இருந்த ஆறாம் உர்பானுக்காக உயிரைக் கொடுத்து எழுதினார். அர்ச். விஞ்சேந்தி பெரர், பிரான்சின் அவிஞ்ஞோனில் இருந்த போட்டிப் பாப்பரசர் பக்கம் நின்றார். இருவரும் அர்ச். சாமிநாதர் சபையின் பிள்ளைகள். கானோனில் ஒரு பக்கம் ஒரு பெயர், மறு பக்கம் வேறு பெயர். 1416 ஜனவரி 6ஆம் தேதி விஞ்சேந்தியாரே தான் அதுவரை ஆதரித்தவரைக் கைவிட்டார். மறு வருஷம் கொன்ஸ்தான்சில் திருச்சபை கூடி ஒருவரைத் தேர்ந்தெடுத்தபிறகுதான் முடிந்தது. தப்பான பெயரைச் சொல்லிப் பூசை செய்தவரையும் அர்ச்சியசிஷ்டவராக்கிப் பீடத்தில் வைத்திருக்கிற திருச்சபை இது. அவருடைய திருநாள் பூசையை நீங்கள் மூன்று பேரும் ஏப்ரல் 5ஆம் தேதி செய்கிறீர்கள்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. மதசுதந்திரத்தைப் பற்றி வாதாடுங்கள். புதிய அபிஷேக முறை செல்லுமா என்று எழுதுங்கள், மறுத்து எழுதுங்கள். அது உங்கள் கடமை என்று நீங்கள் நினைத்தால் நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் அந்த வாதத்தைக் கிராதிக்குக் கொண்டுவராதீர்கள். ஞானஸ்நானம் பெற்று, பாவசங்கீர்த்தனம் பண்ணி, வெறும் வயிற்றோடு வந்து முழங்காலிடும் ஒருவரிடம், நேற்று எங்கே பூசை கண்டாய் என்று கேட்காதீர்கள். தகப்பன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பது பாவம் என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்லாதீர்கள். ஏற்கெனவே உறுதிப்பூசுதல் பெற்றவருக்கு, தீர விசாரிக்காமல், மறுபடியும் பூசாதீர்கள். மற்ற தரப்புக் குரு ஒருவர் சாகக்கிடந்தால் போய்ப் பாருங்கள்.

வருகிற நவம்பர் 2ஆம் தேதி, உங்கள் ஒவ்வொருவருக்கும் மூன்று பூசை செய்ய உரிமை உள்ள நாளில், அண்ணியை நான் மறுபடியும் கூட்டிவரப்போகிறேன். மகன் போகிற அதே சிற்றாலயத்துக்குத்தான். அவர் வரமாட்டேன் என்றார். மகன் பக்கத்தில் முழங்காலிடவேண்டும் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். கறுப்பு முக்காடு போட்டிருப்பார். இடது முழங்கால் மடங்காது, அதனால் கிராதியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் இறங்குவார். பீடச் சிறுவன் தட்டை நீட்டுவான். அந்தத் தட்டு அங்கேயே நிற்கட்டும், சாமி.

இப்படிக்கு,
புதுச்சேரியில் பூசைக்கு உதவி செய்தவன்
பாரிசுக்கு அருகிலிருந்து